பதினொன்றாவது நிமிடத்து டக்கு

லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் கத்துவார்கள், கதவை உதைப்பார்கள், அதுவும் அலுத்துப்போனால் லிஃப்ட் கம்பெனியின் மூன்று தலைமுறையையும் இழுத்துவைத்துத் திட்டுவார்கள். லிஃப்ட்காரருக்கு இதெல்லாம் பழகிப்போன விஷயம். ஆனால் அவர் வேலையில் சேர்ந்த முதல் வருடம், ஓர் அச்சகக் கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருந்த ஆள் விசிலடித்துக்கொண்டிருந்தார். அதுவும் சாதாரண மெட்டு இல்லை. ஏழேழு தட்டாகச் சுழன்று, கடைசித் தட்டு எங்கே விழும் என்று தெரியாமல் கேட்பவரின் காலைத் தடுமாற வைக்கிற ரகம்.

லிஃப்ட்காரர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கதவில் காதை வைத்தார்.

"சார், உள்ள இருக்கீங்களா?"

"வேற எங்க போறது?"

"இல்ல, அந்த விசில். அது எந்த பேண்ட்?"

விசில் நின்றது. பிறகு வந்த குரலில் மாட்டிக்கொண்டவனின் அவஸ்தை துளியும் இல்லை. "உங்களுக்கு ஃப்யூஷன் பிடிக்குமா?"

"எனக்கு ராக்தான். ஆனா காது திறந்துதான் இருக்கு."

"காது திறந்து என்ன புண்ணியம், கதவைத் திறங்க."

ஐந்து நிமிடத்தில் திறந்திருக்க வேண்டிய கதவு இருபத்தைந்து நிமிடம் கழித்துத் திறந்தது. வேலைச் சீட்டில் 'பூட்டில் கோளாறு' என்று எழுதினார் லிஃப்ட்காரர். இசைக்காக அவர் சொன்ன முதல் பொய் அது. கடைசிப் பொய்யாக இருந்திருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது.

உள்ளேயிருந்து வெளியே வந்தவர் அந்த அச்சகத்தில் பிழை திருத்துபவர். காதில் ஒரு சிவப்புப் பேனா, சட்டைப் பையில் இன்னொன்று. அடுத்தவன் எழுத்தில் ஒற்று விட்டுப்போயிருந்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காத பிறவி. இரண்டு வருடத்தில் லிஃப்ட்காரரின் தங்கையைக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை ஆனார். லிஃப்ட்காரர் அவரை அன்றிலிருந்து வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை என்பதால் நாமும் மாப்பிள்ளை என்றே வைத்துக்கொள்வோம்.

சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணி. இதுதான் ஏற்பாடு. ஒரு வாரம் இவர் ஒரு கேசட் கொண்டுபோவார், மறுவாரம் அவர் ஒன்றை எடுத்துவைத்திருப்பார். கேட்கும்போது கொடுத்தவர் வாயைத் திறக்கக்கூடாது. கேட்டு முடித்ததும் வாங்கிக்கொண்டவர் வாயை மூடக்கூடாது. சாயங்காலம் வரை சண்டை நடக்கும்.

"உங்க ராக்ல நாலு பேரு சேர்ந்து ஒரே விஷயத்தைச் சத்தமா சொல்றாங்க மச்சான்" என்பார் மாப்பிள்ளை. "ஒருத்தன் சொன்னா போதாதா?"

"உங்க ஃப்யூஷன்ல நாலு பேரு நாலு விஷயம் பேசுறாங்க மாப்ளே. ஒருத்தன் பேசுறது இன்னொருத்தன் காதுல விழல."

"ரெண்டுமே நம்ம வீடுதான்" என்பாள் தங்கை, இடையில் டீயை வைத்துவிட்டு.

கேசட்டுகளுக்கு அவற்றின் சொந்தப் பெயர் அந்த வீட்டில் செல்லுபடியாகவில்லை. கையில் கிடைத்ததெல்லாம் நகலின் நகல். அட்டைப்படமோ ஜெராக்ஸ் எடுத்த கறுப்புக் கறை. அதில் கண்ணுக்கு என்ன தெரிந்ததோ அதுவே பெயர். 'ஈரக் கழுதை' என்றொரு ராக் ஆல்பம் இருந்தது. பிற்பாடு அசல் அட்டையைப் பார்த்தபோது அது ஒரு மோட்டார் சைக்கிள். பெயர் மட்டும் மாறவில்லை.

அந்தக் கூட்டத்திலேயே ராஜா 'மூணு குடை.'

அதைப் பதிவு செய்த நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருவரும் அறிமுகமாகி மூன்று மாதம். மாப்பிள்ளை, அப்போது வெறும் அச்சகக்காரர், மூச்சிரைக்க லிஃப்ட்காரர் வீட்டு வாசலில் வந்து நின்றார். யாரிடமோ கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய கேசட் கையில் இருந்தது. ஒரு பக்கம் முழுக்க ஒரே உருப்படி, இருபத்திரண்டு நிமிடம். சாயங்காலம் ஆறு மணிக்கு உடையவரிடம் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். மணி ஐந்து. அவரே அதை இன்னும் கேட்டிருக்கவில்லை.

ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு இழுக்க வயர் இல்லை. எனவே அந்தக் காலத்து வழக்கப்படி மேஜைமேல் இரண்டு டேப் ரெக்கார்டரையும் முகத்துக்கு முகம் உட்காரவைத்தார்கள். ஒன்று பாடும், மற்றது தன் மைக்கால் கேட்டுப் பிடித்துக்கொள்ளும். ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தியாயிற்று. மிச்சமிருந்த இரைச்சல் இவர்கள் இருவர்தான். லிஃப்ட்காரருக்கு அப்போது சிகரெட் இருமல். அச்சகக்காரருக்குத் தூசித் தும்மல். வந்தால் ஐந்தைந்தாக வரும். இருவரும் தங்களைத் தாங்களே நாடுகடத்திக்கொண்டு மாடிப்படிக்குப் போவதென்று முடிவாயிற்று. ஆனால் பக்கம் முடிந்ததும் பொத்தானை அழுத்த அறைக்குள் ஓர் ஆள் வேண்டுமே? வீட்டில் அசையாமல் உட்காரத் தெரிந்த ஒரே ஜீவன் தங்கை. வயது பத்தொன்பது, கட்டட வரைபடம் படித்துக்கொண்டிருந்தாள். மேஜையின் மறுபாதியில் தாளை விரித்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"மூச்சு விடலாமா?" என்று கேட்டாள்.

"மெதுவா விடு" என்று சொல்லிவிட்டு அண்ணன் கதவைச் சாத்தினார்.

ஆறு மணிக்கு அசல் போய்விட்டது. ஆறரைக்கு நகலைப் போட்டுக் கேட்டார்கள்.

பத்து நிமிடம் எல்லாம் சரியாகத்தான் போயிற்று. கிடார் ஒரு பக்கம் இழுக்க, எலெக்ட்ரிக் பியானோ இன்னொரு பக்கம் இழுக்க, டிரம்ஸ்காரர் இருவரையும் துரத்திக்கொண்டு போனார். பதினொன்றாவது நிமிடத்தில் திடீரென்று எல்லோரும் ஒரே நேரத்தில் நின்றுவிட்டார்கள். கரண்ட் போனால் லிஃப்ட் நிற்குமே, அப்படி. வெறும் அமைதி. அந்த அமைதிக்குள்ளே, 'டக்.' ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து, மெலிதாக, 'ஸ்ஸ்.' உடனே நால்வரும் மொத்தமாகப் பாய்ந்தார்கள்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ரீவைண்ட். மறுபடி ரீவைண்ட். ஆறு தடவை.

"கட்டை" என்றார் அச்சகக்காரர், குரல் இறங்கி. "மரக்கட்டைல ஒரே ஒரு அடி. அப்புறம் சிம்பல் மேல பிரஷ்ஷை வெச்சு ஒரு தடவு. அவ்வளவுதான். என்ன ஒரு துணிச்சல் பாருங்க."

"நானா இருந்தா பத்து அடி அடிச்சிருப்பேன்" என்று ஒப்புக்கொண்டார் லிஃப்ட்காரர்.

"அதனாலதான் நீங்க லிஃப்ட்ல இருக்கீங்க."

தங்கை வரைபடத் தாளைச் சுருட்டிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். அவளுக்கு இந்த மாதிரி இசையில் நாட்டமில்லை என்று அன்றைக்கே தீர்மானிக்கப்பட்டது.

அந்த டக்கு முப்பத்துநாலு வருடம் குடும்பத்தில் ஓர் ஆளைப் போல வாழ்ந்தது. எல்லோரும் வாயடைத்து நிற்கும்போது யாராவது சரியான வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டால் 'டக்கு விழுந்துச்சு' என்பார்கள். மாப்பிள்ளைக்கு மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்து நின்றிருந்தார்கள். உள்ளே ஒரு சின்ன விக்கல், பிறகு வீறிட்ட அழுகை. "டக்கு" என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். இசைப் பிரியர்கள் நாற்பது பேர் நடத்திய சைக்ளோஸ்டைல் பத்திரிகை ஒன்றில் 'மௌனத்தின் நடுவே ஒரு கட்டை' என்று இரண்டரைப் பக்கத்துக்குக் கட்டுரையும் எழுதினார். மூன்று முறை தானே மெய்ப்புப் பார்த்தார். ஒரு பிழைகூட இல்லை என்று அதில் அவருக்குத் தனிப் பெருமை.

மாப்பிள்ளையின் காது போனது அச்சகத்தால்தான். பிழை திருத்தும் மேஜைக்கும் அச்சு இயந்திரத்துக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. அதையும் பாதி நாள் திறந்தே வைத்திருப்பார்கள். முப்பது வருடம் அந்தச் சத்தத்தில் உட்கார்ந்து ஓய்வு பெற்றபோது, முதலில் குருவிகள் போயின. அப்புறம் அழைப்பு மணி, அப்புறம் குக்கர் விசில். மனைவி சொல்வதும் போய்விட்டதாக ஒரு கட்டத்தில் அறிவித்தார். அதை மட்டும் யாரும் நம்பவில்லை.

போன மாதம் மகள் விடாப்பிடியாக இழுத்துக்கொண்டுபோய்ச் சோதனை செய்து, காதுக்குப் பின்னால் மாட்டும் கருவி இரண்டு வாங்கிப் பொருத்தினாள். அவரைக்கொட்டை அளவு. சனிக்கிழமை லிஃப்ட்காரர் போனபோது மாப்பிள்ளை சோபாவில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார், தலையில் தண்ணீர்க் குடம் இருப்பதுபோல.

"எப்படி இருக்கு மாப்ளே?"

"கத்தாதீங்க. என் சட்டை உரசுற சத்தம் எனக்குக் கேக்குது. நீங்க சட்டை மாத்தினா நல்லது, அதுவும் கேக்குது."

"பாட்டு?"

மாப்பிள்ளை தலையைத் திருப்பாமலே சொன்னார். "இன்னும் போடல. பயமா இருக்கு மச்சான். சோதனை பண்ண அந்தப் பொண்ணு கிராஃப் எல்லாம் காட்டுச்சு. கோடு மேல போகுது, கீழ போகுது. எனக்கு அது வேணாம். இன்னிக்கு மூணு குடை போடுங்க. டக்கு கேட்டா எனக்குக் காது இருக்குன்னு அர்த்தம். கேக்கலைன்னா கடையைச் சாத்திடலாம்."

"எந்தக் கடை?"

"நம்ம சனிக்கிழமைக் கடை."

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் கைகளை முழங்காலுக்கு நடுவில் இறுக்கி வைத்திருந்தார்.

பழைய கேசட்டை இரண்டு வருடத்துக்கு முன்னால் டேப் ரெக்கார்டர் தின்று, நாடாவைக் குடலாக வெளியே தள்ளிவிட்டிருந்தது. அதனால் மகள் அதே ஆல்பத்தைத் தேடி அப்பாவின் போனில் ஏற்றிக் கொடுத்திருந்தாள். சின்ன ஸ்பீக்கர் ஒன்று அலமாரி மேல் உட்கார்ந்திருந்தது. லிஃப்ட்காரர் பொத்தானைத் தொட்டார்.

சத்தம் கண்ணாடி துடைத்தாற்போல இருந்தது. நகலில் எப்போதும் கேட்கும் 'சொய்ங்' இல்லை. மாப்பிள்ளை முதலில் முகத்தைச் சுளித்தார், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தோள் இறங்கிற்று. ஏழாவது நிமிடத்தில் கால் பெருவிரல் தாளம் போட ஆரம்பித்தது. பத்தாவது நிமிடத்தில் கண்ணை மூடினார்.

பதினொன்று. எல்லோரும் நின்றார்கள்.

லிஃப்ட்காரர் முன்னால் சாய்ந்தார். அமைதி. அமைதிக்குள் அமைதி. அதற்குள்ளும் ஒன்றுமில்லை. நால்வரும் பாய்ந்தார்கள்.

டக்கு விழவில்லை. அவர் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளையின் தலை, முப்பத்துநாலு வருடமாக எந்த இடத்தில் ஆடுமோ அதே இடத்தில், ஒரு சின்ன ஆட்டம் ஆடி நின்றது. அப்படியென்றால் அவருக்குக் கேட்டிருக்கிறது. கேட்காதது தனக்குத்தான்.

பாட்டு முடிந்தது.

"கேட்டுச்சா?" என்றார் லிஃப்ட்காரர்.

"கேட்டுச்சு" என்றார் மாப்பிள்ளை. "உங்களுக்கு?"

"பின்ன? கணீர்னு."

"கணீர்னுதான்."

மாப்பிள்ளை கருவிகளை மெல்லக் கழற்றி, அவற்றின் சின்ன டப்பாவில் படுக்கவைத்து மூடினார். "லேசா அரிக்குது" என்றார்.

லிஃப்ட்காரருக்கு அந்த வாரம் முழுக்க வேலையில் கை ஓடவில்லை. அவர் தொழிலே காதுதான். மோட்டார் அறைக்குப் போகும் முன்பே, கீழே நின்று கேட்டு, இன்ன மாடியில் கதவு ரோலர் தேய்ந்திருக்கிறது, இன்ன இடத்தில் பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடுவார். மீட்டர் வைத்துப் பார்க்கும் இன்ஜினியர்கள் இரண்டு மணி நேரம் கழித்து அதையே இங்கிலீஷில் சொல்வார்கள். அந்தக் காது போனால் அப்புறம் அவர் வெறும் எண்ணெய்த் துணி.

புதன்கிழமை ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்டுக்குள் நின்று கண்ணை மூடிக்கொண்டு மேலும் கீழும் போய்வந்தார். ஆறாம் மாடியில் ரோலர் கீச்சிடுவது கேட்டது. ஒன்பதாம் மாடியில் யாரோ சாவி தவறவிட்டது கேட்டது. கீழே இறங்கும்போது எதிர்எடை தண்டவாளத்தில் உரசும் முணுமுணுப்பும் கேட்டது.

தரைத்தளத்தில் கதவு திறந்தபோது வாட்ச்மேன் நின்றிருந்தார். "சார், பதினாலு தடவை போய்ட்டு வந்துட்டீங்க. லிஃப்ட்ல பிரச்சினையா, வீட்ல பிரச்சினையா?"

"மெதுவா சொல்லுங்க பார்ப்போம்."

"எதை?"

"நீங்க சொன்னதை. வாய்க்குள்ளயே சொல்லுங்க."

வாட்ச்மேன் வாய்க்குள் ஏதோ சொன்னார். அதுவும் தெளிவாகக் கேட்டது. அவ்வளவு நல்ல வார்த்தை இல்லை.

காது இருக்கிறது. டக்கு மட்டும் இல்லை. இது என்ன நோயென்று அவருக்குப் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை போன் செய்து, "இந்த வாரம் வேணாம் மச்சான், கொஞ்சம் வேலை இருக்கு" என்றார். ஓய்வு பெற்று நாலு வருடமான மனிதருக்கு என்ன வேலை? சனிக்கிழமை மத்தியானம் தங்கையிடமிருந்து போன் வந்தது.

"அண்ணா, இவரு என்னமோ பண்றாரு. அந்த மிஷினை அன்னிக்குக் கழட்டினவர்தான், அப்புறம் மாட்டவே இல்ல. இப்ப அலமாரியை மொத்தமா இறக்கி கேசட்டை எல்லாம் பெட்டில அடுக்குறாரு. நாலு மணிக்குப் பழைய சாமான்காரர் வராராம்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். ஈரக் கழுதையை நான் ஒளிச்சு வெச்சேன். அதையும் கண்டுபிடிச்சு எடுத்துட்டாரு. கேட்டா இடம் அடைக்குதுங்கறாரு. என்ன ஆச்சு உங்க ரெண்டு பேருக்கும்?"

போனை வைத்த பிறகு லிஃப்ட்காரர் ஒரு படிக்கட்டில் உட்கார்ந்தார். டக்கு கேட்ட மனிதர் எதற்குக் கடையைச் சாத்த வேண்டும்? கேட்டிருந்தால் சாத்தமாட்டார். சாத்துகிறார் என்றால் கேட்கவில்லை. அவருக்கும் கேட்கவில்லை, இவருக்கும் கேட்கவில்லை. இவர் காதோ வாட்ச்மேன் வாய்க்குள் திட்டியது வரைக்கும் கேட்கிற காது. அப்படியானால்?

தங்கை மகளுக்குப் போன் போட்டார்.

"மாமா, நான் ஆபீஸ்ல இருக்கேன். சீக்கிரம்."

"மூணு குடைல பதினொண்ணாவது நிமிஷம் போய்ப் பாரும்மா. டக்கு இருக்கா?"

பத்து நிமிடத்தில் அவளே கூப்பிட்டாள். "அந்த ஆல்பத்துக்கு நாலு வெளியீடு இருக்கு, நாலையும் பார்த்துட்டேன். ஒலி அலை போட்டும் பார்த்தேன். அந்த இடத்துல சுத்தமான அமைதி மாமா. ஒரு கொசுகூட இல்ல. ஏன், இதை அப்பாகிட்ட கேக்கலையா நீங்க?"

லிஃப்ட்காரர் அதற்குள் படியிறங்கிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றரை. கூடத்தில் ஐந்து அட்டைப்பெட்டிகள். தங்கை ஒரு பக்கம் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை தரையில் உட்கார்ந்து கடைசிப் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். பெட்டியின் மேல் 'ராக், ஃப்யூஷன், இதர' என்று அழகான கையெழுத்து. காற்புள்ளிகள் எல்லாம் சரியாக விழுந்திருந்தன.

லிஃப்ட்காரர் நேரே போய் அலமாரியிலிருந்த சின்ன டப்பாவை எடுத்து மாப்பிள்ளை முன் நீட்டினார். "மாட்டுங்க."

"வேணாம் மச்சான். அரிக்குது."

"மாட்டுங்கன்னு சொல்றேன்ல."

சத்தம் எட்டியதோ, முகம் எட்டியதோ, மாப்பிள்ளை மாட்டிக்கொண்டார்.

"அன்னிக்கு எனக்கு டக்கு கேக்கல" என்றார் லிஃப்ட்காரர். "பொய் சொன்னேன்."

மாப்பிள்ளை டேப் சுருளைக் கீழே வைத்தார். "கணீர்னு கேட்டுச்சுன்னீங்க?"

"நீங்க தலையாட்டினீங்க. உங்களுக்குக் கேட்டுச்சு, எனக்குக் கேக்கலைன்னு ஒத்துக்க முடியுமா? லிஃப்ட்காரன் மானம் என்னாகறது?"

"நான் பழக்கத்துல ஆட்டினேன். அந்த இடம் வந்தா தலை தானா ஆடும்." மாப்பிள்ளை டேப் சுருளை ஒதுக்கித் தள்ளினார். "கணீர்னு கேட்டுச்சுன்னு நீங்க சொன்னதும் முடிஞ்சு போச்சுன்னு நினைச்சேன். இவ்வளவு விலையில மிஷின் வெச்சும் அந்த ஒரு அடி கேக்கலைன்னா, இனிமே நான் கேக்கறது எதுலயும் எது விட்டுப்போச்சுன்னு எனக்குத் தெரியப்போறதில்ல. எங்க பிழைன்னே தெரியாம எப்படிப் படிக்கிறது? அதான் கட்டினேன்."

"பாட்டுலயே இல்ல மாப்ளே. உங்க பொண்ணு நாலு வெளியீட்டுலயும் தேடிட்டா. அந்த இடத்துல ஒண்ணுமே இல்ல."

மாப்பிள்ளை பெட்டியில் கை ஊன்றி எழுந்தார். பிறகு, சிவப்புப் பேனா காதில் இருந்த நாட்களின் முகம் மெல்லத் திரும்பி வந்தது.

"எடுத்துட்டாங்க" என்றார்.

"யாரு?"

"கம்பெனிக்காரங்க. பழைய பதிவைச் சுத்தம் பண்றேன்னு உக்காந்திருப்பான் ஒருத்தன். என்னடா இது, நடுவுல ஏதோ டக்குன்னு கேக்குதேன்னு வெட்டிட்டான். அரைகுறைப் பிழை திருத்துறவன் இப்படித்தான் பண்ணுவான், அழகைப் பிழைன்னு நினைச்சு அடிச்சுடுவான். நான் கடிதம் எழுதப்போறேன்."

"எழுதுங்க. நானும் கையெழுத்துப் போடறேன்."

"அந்தக் கட்டையை வாசிச்சவன் உயிரோட இருந்தா என்ன பாடு பட்டிருப்பான்."

"இருக்கேன்" என்றாள் தங்கை.

இருவரும் திரும்பினார்கள். அவள் ஒரு தலையணை உறையை நான்காக மடித்துக்கொண்டிருந்தாள்.

"அது கட்டை இல்ல. ஜாமெட்ரி பாக்ஸ்."

அவள் உறையை அடுக்கின் மேல் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

"பாட்டு முடிஞ்சா பொத்தானை அழுத்துன்னு சொல்லிட்டுப் போனீங்க. பாதில எல்லாரும் நிறுத்திட்டாங்க. முடிஞ்சுதுன்னு நினைச்சு பாக்ஸை மூடிட்டு எழுந்தேன். மறுபடி ஆரம்பிச்சுட்டாங்க."

மாப்பிள்ளை நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "அந்த 'ஸ்ஸ்'?"

"அடடா, பொத்தானை அழுத்தறதுக்கு முன்னாடியே மூடிட்டோமேன்னு நாக்கைக் கடிச்சுக்கிட்டேன்."

"சிம்பல்... பிரஷ்..."

"நாக்கு."

"ஏம்மா, அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?" என்றார் லிஃப்ட்காரர். முப்பத்துநாலு வருடம் அவர் யார் யாரிடமெல்லாம் அந்த அடியைப் பற்றி வகுப்பெடுத்திருக்கிறார் என்ற பட்டியல் அவர் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அது நீளமான பட்டியல். அதில் ஒரு பல் டாக்டரும் இருந்தார், வாய் திறந்த நிலையில் இவர்தான் விளக்கியிருந்தார்.

"சொல்லலாம்னுதான் நின்னேன். நீங்க ஆறு தடவை போட்டுப் போட்டுக் கேக்கறீங்க, திட்டு விழப்போகுதுன்னு பார்த்தா துணிச்சல்ங்கறீங்க. சொன்னா இன்னொரு நாள் அந்த கேசட்டை வாங்கிட்டு வந்து திரும்பப் பதிவு பண்ணுவீங்க. திரும்ப நான் இருபத்திரண்டு நிமிஷம் மூச்சை மெதுவா விடணும். எனக்கு என்ன தலையெழுத்தா?"

"கல்யாணத்துக்கு அப்புறம்?" என்றார் மாப்பிள்ளை.

"அப்பச் சொல்லலாம்னுதான் இருந்தேன். குடிவந்த முதல் வாரம் நீங்க அதைப் போட்டீங்க. அந்த இடம் வந்ததும் உங்க கண்ணு கலங்கிடுச்சு. கண்ணு கலங்கிட்டு உக்காந்திருக்கற மனுஷன்கிட்ட போய் அது பென்சில் டப்பான்னு எப்படிச் சொல்றது?" அவள் உறையின் ஓரத்தைத் தடவிச் சரிசெய்தாள். "அப்புறம் விட்டுட்டேன். நான் வேற எதைச் சொன்னாலும் நீங்க இவ்வளவு கவனமா கேட்டதில்ல."

மாப்பிள்ளை அவளையே பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். அழப்போகிறாரோ என்று லிஃப்ட்காரர் பயந்தார். தானும் சேர்ந்துகொள்ள நேருமோ என்று அதைவிடப் பயந்தார். ஆனால் மாப்பிள்ளையின் வயிறு முதலில் குலுங்கிற்று. பிறகு தோள். பிறகு சத்தமே வராத, மூச்சு முட்டுகிற சிரிப்பு. "மூணு தடவை மெய்ப்புப் பார்த்தேன்" என்றார் இடையில். "ஒரு பிழைகூட இல்லைன்னு..."

அழைப்பு மணி அடித்தது. மாப்பிள்ளைதான் முதலில் வாசலைத் திரும்பிப் பார்த்தார். அதை அவரே கவனிக்கவில்லை. தங்கை கவனித்தாள்.

வாசலில் பழைய சாமான்காரர், தோளில் கோணியோடு. "கேசட் இருக்குன்னு சொன்னீங்களாமே?"

"கேசட் இல்ல" என்றாள் தங்கை. "பழைய பேப்பர் இருக்கு. மாடிப்படிக்குக் கீழ கிடக்கு, எடுத்துக்குங்க."

அவர் போனதும் மாப்பிள்ளை கூடத்துக்கு நடுவில் நின்று ஐந்து பெட்டிகளையும் பார்த்தார். சிரிப்பு அடங்கியிருந்தது.

"மச்சான், ஒண்ணு சொல்லணும். நீங்க கோவிச்சுக்கக்கூடாது."

"சொல்லுங்க."

"ஓய்வு வாங்கின பிறகு நீங்க எனக்குப் போட்டுக் காட்டினதெல்லாம் இருக்கே, நாலு வருஷமா. எல்லாத்தையும் நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு சொன்னேன். எனக்கு எதுவுமே சரியா கேக்கல. தூரத்துல யாரோ மேஜையை நகர்த்துற மாதிரி இருந்துச்சு. உங்க முகத்தைப் பார்த்து எங்க நல்லா இருக்குன்னு கண்டுபிடிச்சு அங்க தலையாட்டினேன்."

மாப்பிள்ளைக்கு வயதாகி ரசனை முதிர்ந்துவிட்டது என்று நான்கு வருடமாக உள்ளுக்குள் ஒரு வெற்றிக் களிப்போடு அலைந்தவர் லிஃப்ட்காரர்.

"எல்லாத்தையும் ஒண்ணொண்ணா திரும்பப் போடுங்க" என்றார் மாப்பிள்ளை, சோபாவில் சாய்ந்து, வலது காதுக் கருவியை விரலால் சரிசெய்துகொண்டு. "உங்களுக்கு ரொம்பப் பிடிச்சதுல ஆரம்பிங்க."

லிஃப்ட்காரர் யோசிக்கவே இல்லை. போன வருடம் அவர் தேடிப்பிடித்தது, ஒரு ராக் குழு ஏதோ ஒரு கலையரங்கத்தில் வாசித்த நேரடிப் பதிவு, பத்தொன்பது நிமிடம். அதைக் கேட்கும்போதெல்லாம் அவருக்குக் கை மயிர் நின்றுகொள்ளும். போனில் தேடிப் போட்டார். விதிப்படி வாயை மூடிக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

மாப்பிள்ளை கண்ணை மூடிக் கேட்டார். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். பாடகர் உச்சஸ்தாயிக்கு ஏறினார். மாப்பிள்ளையின் ஒரு புருவம் ஏறியது. கிடார் வந்தது. இன்னொரு புருவமும் ஏறியது. மூன்றாவது நிமிடத்தில் கண்ணைத் திறந்தார்.

"மச்சான்."

"ம்."

"சகிக்கல."

லிஃப்ட்காரரின் நெஞ்சுக்குள் ஏதோ இளகிப் பரவிற்று. நான்கு வருடமாக இப்படி ஒரு வார்த்தையை யாரும் அவரிடம் சொன்னதில்லை.

"அந்த ஆளு ஒரு சுருதி, கிடாரு ஒரு சுருதி" என்றார் மாப்பிள்ளை. "இதுக்கா நான் தலையாட்டினேன்? என்னை ஏன் யாரும் தடுக்கல?"

"நாலாவது நிமிஷம் வரைக்கும் பொறுங்க மாப்ளே. அங்கதான் ஆரம்பிக்குது."

"அதுவரைக்கும் என்ன, கடையைக் கூட்டிப் பெருக்குறாங்களா?"

"உங்க ஃப்யூஷன்ல மட்டும் என்னவாம்? பதினொரு நிமிஷம் ஓடிட்டு நடுவுல ஏன் நின்னோம்னு அவங்களுக்கே தெரியல. வரைபடம் படிக்கிற பொண்ணு முடிஞ்சு போச்சுன்னு எழுந்துக்குது."

"அது உங்க தங்கச்சியோட அவசரம். இசை மேல பழி போடாதீங்க. கொஞ்சம் சத்தத்தைக் குறைங்க, அந்த ஆளு தொண்டைல தூசி இருக்கறதுகூட எனக்குக் கேக்குது."

"குறைக்க முடியாது. ராக்கைக் குறைச்சு வெச்சுக் கேக்கறது பாவம்."

தங்கை மடித்த துணிகளை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்து, போகிற வழியில் கடைசிப் பெட்டியில் மாப்பிள்ளை ஒட்டிய டேப்பைக் கால் கட்டைவிரலால் கிழித்துவிட்டுப் போனாள். நான்காவது நிமிடம் வந்தது, போயிற்று. மாப்பிள்ளை கைகளைக் கட்டிக்கொண்டு, இன்னும் ஆரம்பிக்கவில்லை என்பதை முகத்தாலேயே அறிவித்தபடி, ஸ்பீக்கர் பக்கம் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.